மூடியைத் திறக்காமல் எடுத்த படம்

எங்கள் அப்பத்தாவுக்கு வானநூல் தெரியாது. ஆனால் மார்கழி பிறந்துவிட்டால், இரவு உணவுக்குப் பின் வாசல் திண்ணையில் அமர்ந்துகொண்டு, கிழக்கு வானில் ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களை எனக்குக் காட்டுவார். "அந்தா பாரு, மூணு ராஜாக்கள். குழந்தை ஏசுவைப் பாக்க வந்தவங்க இன்னும் ஊர் திரும்பல" என்பார். சிறுமியாக இருந்தபோது நான் அதை அப்படியே நம்பினேன்.

பின்னர், அந்த மூன்றும் ஓரியன் என்னும் வேடனின் இடைக்கச்சை என்று படித்தேன். அதற்கு அருகே செந்நிறமாய் ஒளிர்வதுதான் நம் முன்னோர் திருவாதிரை என்று பெயரிட்ட விண்மீன். கச்சைக்குக் கீழே உடைவாள் போலத் தொங்கும் சிறு வரிசையின் நடுவில் மங்கலாகத் தெரிவது வெறும் விண்மீன் அன்று. அது ஒரு நெபுலா. அதைப் படம் பிடிக்க நான் பட்ட பாட்டையும், அதனால் நேர்ந்த ஒரு தவற்றையும், அந்தத் தவறு எனக்குக் கற்பித்ததையும் இம்மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நெபுலா என்றால் விண்முகில். நம் தலைக்கு மேல் மிதக்கும் மழை மேகமன்று. வாயுவும் தூசியும் கலந்த மாபெரும் மேகம். ஓரியன் நெபுலாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல ஒளிக்கே 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனுள்ளே புதிய விண்மீன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கின்றன. அங்கிருந்து ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1300 ஆண்டுகள் ஆகின்றன. பல்லவர்கள் மாமல்லபுரத்துப் பாறைகளைச் செதுக்கிய காலத்தை ஒட்டிப் புறப்பட்ட ஒளி இன்று எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வந்து விழுகிறது. இதை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் சிலிர்க்கும்.

இவ்வளவு அரிய காட்சியைத் தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும்? கண்ணாடியில் மூச்சுவிட்டது போல ஒரு சாம்பல் நிறப் படலம், அவ்வளவுதான். நமது கண் ஒளியைச் சேர்த்து வைக்கத் தெரியாதது. வந்த ஒளியை அந்தந்தக் கணமே பார்த்து மறந்துவிடும். மங்கிய ஒளியில் நிறமும் அதற்குத் தெரியாது. கேமராவோ உண்டியலைப் போன்றது. துளித்துளியாய் வரும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். இதனை அறிந்துதான் அமெரிக்க மருத்துவரான ஹென்றி டிரேப்பர் 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று, ஏறத்தாழ 50 நிமிட நேரம் கேமராவைத் திறந்து வைத்து இதே ஓரியன் நெபுலாவைப் படம் பிடித்தார். உலகில் முதன்முதலாக எடுக்கப்பட்ட நெபுலா படம் அதுவே.

எங்கள் ஊர் கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் அறிவியல் மன்றத்தார் அம்மலை மேலுள்ள வானாய்வுக் கூடத்துக்குச் சுற்றுலா சென்றோம். 1904 முதல் அங்கே சூரியனைக் கண்ணாடித் தட்டுகளில் படம் பிடித்து வந்திருக்கிறார்கள் என்று கேட்டு வியந்தோம். திரும்பி வரும் வழியில், "சிஸ்டர், நாமும் வானத்தைப் படம் பிடிக்க முடியுமா?" என்று இயற்பியல் சிஸ்டரிடம் கேட்டேன். சிஸ்டர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "லேபில் ஒரு டெலஸ்கோப் பூட்டிக் கிடக்கிறது. நாளைக்கு வா" என்றார்கள்.

அது 6 அங்குலக் குழி ஆடி பொருத்திய தொலைநோக்கி. குவியத் தூரம் 1200 மில்லிமீட்டர். பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் குழாயைத் திருப்பும் சிறு மோட்டார் ஒன்றும், பேட்டரியில் ஓடும்படி, அதன் தாங்கியில் இருந்தது. பல ஆண்டுத் தூசியைத் துடைத்ததும் மோட்டார் முனகிக்கொண்டு ஓடியது. எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

கேமராவுக்கு எங்கே போவது? என் தந்தை சிறிய ஸ்டுடியோ ஒன்று நடத்துகிறார். திருமணம், புதுநன்மை, பூப்புனித விழா என்று எல்லாவற்றையும் ஒரே கேமராவில்தான் எடுப்பார். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்த சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமரா அது. எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்தக் கேமராவால்தான். அதைக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. "வேலை இல்லாத ராத்திரியில எடுத்துக்கம்மா. லென்ஸைக் கழற்றும்போது மட்டும் உள்ளே தூசி போகாமப் பாத்துக்க" என்று அப்பா சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதல் தடை, படம் குவியவே இல்லை. கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தினால், பிம்பம் விழுமிடம் கேமராவின் சென்சாருக்கு எட்டாமல் குழாய்ப் பக்கமே நின்றுவிடுகிறது. ஆடியைக் குழாயினுள் நான்கு சென்டிமீட்டர் முன்னே நகர்த்த வேண்டும். அதற்குக் குழாயில் புதிதாகத் துளையிட வேண்டும். பள்ளிச் சொத்தாயிற்றே என்று அஞ்சினோம். "அலமாரியில் முழுசாக இருப்பதைவிட, ஓட்டையோடு வேலை செய்வது நல்லது. போடுங்கள்" என்றார்கள் சிஸ்டர்.

இரண்டாவது தடை, நாம் வாழும் இடம். இவ்வகைத் தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானுக்கு மேல் 10 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், அந்த முட்டி உயரம்தான். குளிர் நாடுகளை மனத்தில் வைத்துச் செய்த எங்கள் தாங்கியோ 20 பாகைக்குக் கீழே இறங்க மறுத்தது. முக்காலியின் தெற்குப் புறத்துக் கால்களுக்கு அடியில் செங்கற்களை அடுக்கி, முழுவதையும் வடக்கே சாய்த்தோம். வடக்கிலோ மலை. அதன் முகட்டை ஒட்டியே துருவ நட்சத்திரம் எட்டிப் பார்க்கும். பாதி நாள் மேகம் அதையும் மறைத்துவிடும்.

மூன்றாவது, கேமராவைக் குழாயோடு இணைக்கும் வளையம். அதை விலை கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, லென்ஸ் இல்லாதபோது கேமராவை மூடி வைக்கும் பிளாஸ்டிக் மூடியின் நடுவில் வட்டமாக வெட்டி, லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய அலுமினியக் குழலை அதில் ஒட்டினேன். வெட்டியதும் நானே, ஒட்டியதும் நானே. வேலை அழகாக முடிந்துவிட்டதென்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெட்டிய விளிம்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் துடைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தும், அன்று இரவு வானம் தெளிவாக இருந்ததால், அதை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அது ஜனவரி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. எதிர் வீட்டு அத்தை எனக்காக வராந்தா விளக்கை அணைத்து உதவினார். 20 விநாடிக்கு ஒரு படம் வீதம் 80 படங்கள் எடுத்தேன். மோட்டார் துல்லியமில்லாததால் அதற்கு மேல் திறந்து வைத்தால் விண்மீன்கள் கோடாக இழுபட்டுவிடும். ஆகையால் டிரேப்பரைப் போல ஒரே நீண்ட படமாக எடுக்காமல், பல குறும்படங்களை எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதே எங்களைப் போன்றோர் கையாளும் வழி. கேமராவின் சிறு திரையில் முதல் படம் தோன்றியபோது, சாம்பல் படலமாக நான் கண்டது இளஞ்சிவப்பாய்ச் சிறகு விரித்து நின்றது. நான் கூவிய கூவலில் அப்பத்தா விழித்துக்கொண்டார்.

மறுநாள் கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் மேலே இடப்பக்கம், இரண்டு கறைகள். ஆடியில் அழுக்கு இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

திங்கட்கிழமை எங்கள் கோவிலில் ஒரு திருமணம். அப்பா அதே கேமராவோடு சென்றார். செவ்வாய் இரவு கடையில் படங்களைத் திறந்தவர் திகைத்துப்போனார். குடும்பத்தார் அனைவரும் தெளிவாக விழுவதற்காக லென்ஸின் துளையைச் சுருக்கி எடுத்த படங்கள் எல்லாவற்றிலும், மேலே இடப்பக்கம், இரண்டு கறைகள். மணமகளின் வெள்ளை முக்காட்டின் மீதும், பீடத்துச் சுவரின் மீதும், ஒரு படத்தில் பங்குத்தந்தையின் நெற்றி மீதும் அவை அமர்ந்திருந்தன. 146 படங்கள்!

"மண்டபத்துல தூசி பறந்துச்சு, அதுவா இருக்கும்" என்றார் அப்பா. எனக்கு உடல் சில்லிட்டது. அது மண்டபத்துத் தூசியன்று, நான் துடைக்காமல் விட்ட பிளாஸ்டிக் துருவல் என்பது எனக்கு அக்கணமே விளங்கிவிட்டது. ஆயினும் நான் வாய் திறக்கவில்லை. அன்று இரவும் மறுநாள் இரவும் அப்பா கடையில் அமர்ந்து, ஒவ்வொரு கறையாகக் கணிப்பொறியில் அழித்துக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, படிக்க வேண்டும் என்று பொய் சொல்லி வந்து படுத்துக்கொண்டேன். உறக்கம் வரவில்லை.

வியாழனன்று பள்ளியில், முதல் வெள்ளிக்கான பாவசங்கீர்த்தனம். சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு ஆத்தும சோதனை செய்தபோது, வழக்கமாக நான் சொல்லும் சிறு சிறு குற்றங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த இரண்டு கறைகள் மட்டும் அதே இடத்தில் நின்றன. அவற்றை அப்பாவிடம் சொல்லாமல் வேறு எங்கே சொன்னாலும் தீராது என்பதை உணர்ந்தேன்.

அன்றிரவு கடைக்குச் சென்று, என்னுடைய நெபுலா படத்தைத் திருமணப் படத்துக்குப் பக்கத்தில் திறந்து வைத்தேன். "அப்பா, ரெண்டுலயும் ஒரே இடம். மூடியை வெட்டினது நான்தான். துடைக்கல" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அப்பா இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். "சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்க. படத்துக்குப் படம் ஆள் மாறுது, இடம் மாறுது, கறை மட்டும் மாறல. அப்படின்னா குத்தம் வெளியில இல்ல, கேமராவுக்குள்ள இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "செவ்வாக்கிழமையே சொல்லியிருந்தா கண்ணு வலி கொஞ்சம் மிச்சம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் நூறு அடிக்குச் சமமாக இருந்தது. எஞ்சிய 40 படங்களை அன்றிரவு அவர் பக்கத்தில் அமர்ந்து நானே சரி செய்தேன். தாமதத்துக்கு ஈடாக அப்பா மணமக்களுக்கு ஒரு பெரிய படத்தைச் சட்டமிட்டு இலவசமாகக் கொடுத்தார்.

நடந்ததைச் சிஸ்டரிடமும் சொன்னேன். அவர்கள் ஒரு வரலாற்றைக் கூறினார்கள். வானம் முழுவதையும் படம் பிடித்துப் பட்டியலிட, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக வானாய்வுக் கூடங்கள் பல ஒன்று சேர்ந்தன. வத்திக்கான் வானாய்வுக் கூடமும் தன் பங்கை ஏற்றது. அந்தக் கண்ணாடித் தட்டுகளை அளக்கும் பணிக்குக் குழந்தை மரியாவின் சபையைச் சேர்ந்த கன்னியர் வந்தனர். எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா பினார்தி, லூயிஜியா பான்சேரி என்னும் நால்வர் 1910 முதல் 1921 வரை 4,81,215 விண்மீன்களின் இருப்பிடத்தையும் ஒளியையும் அளந்து குறித்தனர். அவர்கள் பெயர்கள் 2016-இல்தான் உலகுக்குத் தெரியவந்தன. அதே திட்டத்தில் வரைபடத்துக்கென எடுத்த தட்டுகளில், ஒவ்வொரு விண்மீனையும் சற்றே தள்ளித் தள்ளி மும்முறை பதிவு செய்வார்களாம். முக்கோணமாக மூன்று புள்ளிகள் இருந்தால் விண்மீன்; ஒற்றைப் புள்ளியாக இருந்தால் தூசி!

"பார்த்தாயா? தூசி எல்லார் தட்டிலும் விழும். எது தூசி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறாயா என்பதுதான் கேள்வி" என்றார்கள் சிஸ்டர்.

நெபுலாவைப் படம் எடுப்பவர்களுக்கும் அப்படி வழிகள் உண்டு. அவற்றைப் பற்றி முன்பே படித்திருந்தும், அவசரத்தில் விட்டுவிட்டேன். முதல் வழி, தொலைநோக்கியின் வாயை வெள்ளைத் துணியால் மூடி, விடியல் வானத்தை நோக்கிப் படம் எடுப்பது. அதில் வேறெதுவும் இராது. கேமராவில் படிந்த தூசியின் நிழல் மட்டும் தெரியும். இரண்டாவது வழி இன்னும் விந்தையானது. மூடியைத் திறக்காமலே படம் எடுப்பது! ஒளியே புகாதபோதும் சென்சார் சூட்டினால் தானாகச் சில பொய்ப் புள்ளிகளை உண்டாக்குகிறது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் அவை அதிகம். ஆகவே, நெபுலாவை எடுத்த அதே இரவில், அதே 20 விநாடிக்கு, மூடியைப் போட்டு இருபது படங்கள் எடுக்க வேண்டும். கேமரா தன் இருட்டைத் தானே எடுத்த படங்கள் அவை. அந்த இருட்டை நெபுலாவின் படத்திலிருந்து கழித்துவிட்டால், எஞ்சுவதே வானத்தின் உண்மையான ஒளி.

அப்பா சென்சாரைச் சுத்தம் செய்தார். நான் மூடியின் விளிம்பை மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். அடுத்த தெளிந்த இரவில் அப்பாவும் மாடிக்கு வந்தார். பனி கேமராவின் மேல் முத்து முத்தாய்ப் படிந்தது. அதன் உடலுக்குத் துண்டைச் சுற்றினோம். ஒவ்வொரு படத்துக்கும் ரிமோட்டை அழுத்திவிட்டு, நடந்தால் அதிருமே என்று அசையாமல் நின்றோம். 110 படங்கள் எடுத்தோம். அவற்றில் இழுபடாமல் தேறியவை 64. பிறகு மூடியைப் போட்டு இருபது. ஒன்றுமே தெரியாத படத்துக்காகக் குளிரில் நிற்பது அப்பாவுக்கு வேடிக்கையாக இருந்தது. விடிந்ததும் வெள்ளைத் துணிப் படங்கள்.

கணிப்பொறியில் அவற்றைச் சேர்த்தபோது அப்பா என் பின்னால் நின்றார். தனித் தனியே பார்த்தால் ஒவ்வொரு படமும் மணல் தூவியது போல் இருக்கும். அறுபத்து நான்கை அடுக்கினால், தாறுமாறான அந்த மணல் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நெபுலாவோ அப்படியே நிற்கும். மெல்ல மெல்ல, நடுவில் நெருங்கி நிற்கும் இளம் விண்மீன்களும், அவற்றைச் சுற்றி விரிந்த சிவந்த முகிலும், அதன் மேல் குறுக்கே படிந்த கருந்தூசியும் எழுந்து வந்தன. சாதாரணக் கேமராவின் வடிகட்டி ஹைட்ரஜனின் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், பெரிய வானாய்வுக் கூடங்களின் படங்களில் காணும் அடர்சிவப்பு இதில் இல்லை. நடுப்பகுதி சற்று வெளுத்தும் போயிருந்தது. ஆயினும் அது எங்கள் மாடியில் விழுந்த ஒளி. "இருட்டறையில பிலிம் கழுவின காலத்துல, தட்டுல தாளை ஆட்டிக்கிட்டே இருந்தா இப்படித்தான் முகம் எழும்பி வரும்" என்றார் அப்பா. அவர் குரல் தழுதழுத்தது.

படத்தை அச்சிட்டு அப்பத்தாவிடம் காட்டினேன். கண்புரை அறுவைக்குப் பின் மாட்டிய கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "மூணு ராஜாக்களுக்குக் கீழ இதுவா இருக்கு? சாம்பிராணிப் புகை மாதிரியில்ல இருக்கு! அவங்க கொண்டாந்ததுதான்" என்றார். இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

அன்புத் தோழியரே, தொலைவில் உள்ளதைக் காண வேண்டும் என்ற ஆவல் நல்லதே. ஆனால் நாம் காணும் குறைகளில் எது வெளியே உள்ளது, எது நமக்குள்ளே உள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும். அதற்கு ஒரு பொழுது மூடியைப் போட்டுக்கொண்டு, நம் இருட்டை நாமே பார்க்கத்தான் வேண்டும். ஆத்தும சோதனை என்று சிறு வயதிலிருந்து நமக்குச் சொல்லித் தந்தது எதற்கென்று எனக்கு இப்போதுதான் விளங்கியது.

மலர்க் குழுவினர் என்னிடம் நெபுலா படம் கேட்டார்கள். நான் இரண்டு படங்களைக் கொடுத்திருக்கிறேன். ஒன்று ஓரியன் நெபுலா. மற்றது முழுவதும் கறுப்பு. அச்சகத்தார் அதைப் பிழை என்று எண்ணித் தள்ளிவிடாமல் இருக்க வேண்டும். அது இல்லாமல் முதல் படம் இல்லை.

— பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி